பட்டினியில் சுற்றும் எஞ்சின்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏலகிரியிலிருந்து இறங்கும்போது காரை நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் எங்கள் மாமா. உண்மையா?"

மாமா வண்டி பழகிய காலத்தில் உண்மை. இன்றைய காரில் நேர்மாறு.

கியரில் ஓடும் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துப் பாருங்கள். த்ராட்டில் மூடிவிட்டது, ஆனாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது. எஞ்சினைக் கவனித்துக்கொள்ளும் குட்டிக் கணினிக்கு இது போதும். அப்படியானால் எஞ்சினைச் சுற்றவைப்பது பெட்ரோல் இல்லை, சக்கரம். உடனே கணினி, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மூடிவிடுகிறது. பெட்ரோல் குறைவதல்ல, அறவே நிற்கிறது. பிஸ்டன்கள் வெறுங்காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கும். சுற்று 1,200 வாக்கில் இறங்கியதும், எஞ்சின் அணைந்துபோவதற்குள் மறுபடி பெட்ரோல் பீய்ச்சத் தொடங்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இதில் தீராத வியப்பு.

நியூட்ரலில் சக்கரம் எஞ்சினைச் சுற்றவைக்க வழியில்லை. எஞ்சின் உயிரோடு இருக்கத் தன் பெட்ரோலைத்தான் எரிக்க வேண்டும். சின்னக் கார்கூட மணிக்கு அரை லிட்டர் போலக் குடிக்கும்.

ஆம்பூர்க்காரருக்குப் பிரியாணியில் சொன்னால்தான் திருப்தி. தம் போடும்போது மாஸ்டர் விறகை வெளியே இழுத்துவிடுகிறார். மிச்ச வேலையை அண்டாவில் ஏறிய சூடு பார்த்துக்கொள்கிறது. கியரில் இறங்குவது தம். நியூட்ரல் என்பது அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, அணைந்துவிடுமே என்று காலி அடுப்புக்கு விறகு தள்ளுவது. மலையின் உயரம்தான் அண்டாவின் சூடு, மலையேறும்போது எரித்த பெட்ரோல்தான் விறகு. கத்தரிக்காய் எது என்று கேட்காதீர்கள்.

அந்தச் சூடு சாமானியமானதல்ல. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் சுமார் 600 மீட்டர் இறங்கினால் 70 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். ஏறக்குறைய 200 மில்லி பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றல். கியரில் வந்தால் இதில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில், காற்றும் டயரும் தின்றது போக மீதி எல்லாம் பிரேக் தலையில். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் காய்ந்து பிடிமானம் இழந்தால் என்ன ஆகும் என்று தொப்பூர் கணவாயில் கேட்டால் சொல்வார்கள். டீசல் மிச்சம் என்று அங்கே நியூட்ரலில் இறங்கிய லாரிகள் ஏராளம்.

சமதளத்தை ஒட்டிய லேசான சரிவில் நியூட்ரல் சில துளிகளை மிச்சப்படுத்தலாம். நெடுஞ்சாலையில் அந்தத் துளிகளுக்காக வண்டியின் பிடியை விடுவது கஞ்சத்தனம்கூட இல்லை.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்பாசிடர், பழைய மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். காலை எடுத்தாலும் உறிஞ்சும் காற்று பெட்ரோலையும் இழுத்துக்கொண்டே இருக்கும். சுற்று கூடக்கூடச் செலவும் கூடும். மாமா அங்கே கற்றவர். பாஷ் நிறுவனம் 1967இலேயே கார்புரேட்டருக்கு மாற்றாக மின்னணு இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்துவிட்டது. இங்கே 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளிலும் அதுதான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, மைலேஜ் கூடும் என்று பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டச் சொல்கிறவர்களும், டாங்கில் மாத்திரை போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றுகூட அகப்படவில்லை. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தால் மைலேஜ் எகிறும் என்பதும் கார்புரேட்டர் காலத்து நம்பிக்கைதான். இன்ஜெக்‌ஷன் காரில் அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்குமே தவிர பெட்ரோலைக் கூட்டாது என்று ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துச் சொன்னது. எஞ்சினுக்காக ஃபில்டரை மாற்றுங்கள், மைலேஜுக்காக வேண்டாம்.

நிச்சயம் பலன் தருவது டயர் காற்று. காலையில் டயர் சூடேறும் முன் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவின் ஓரத்திலேயே ஒட்டியிருக்கும்.