புத்தகப்பை ஆணியில் தொங்கும் நாட்கள்

மூன்றாம் தவணை முடிந்து முன்னேற்ற அறிக்கை கைக்கு வந்த அன்றே புத்தகப்பை ஆணியில் ஏறிவிடும். பிள்ளைகள் ஓட்டமாக லயத்துக்கு வந்துசேர்வார்கள். மறுநாள் காலையிலும் பெரியவர்களுக்கு வேலை உண்டு. கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள் விடியும்போதே கத்தியும் வாளியுமாகக் கிளம்பிவிடுவார்கள். கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் திரும்ப மாலையாகும். பிள்ளைக்காம்பரா பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறுசுகளுக்குத்தான். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரைக்குமான பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, முழங்கால் வலியோடு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பாயிதான் மிச்சம். அவரும் இல்லாத வீட்டில் பன்னிரண்டு வயது அக்காள்.

தோட்டப் பள்ளிகளில் ஆசிரியர் போதாது, கட்டடம் போதாது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம், அது நியாயம்தான். ஆனால் எவ்வளவு வசதி குறைந்த பள்ளியும் யாரும் கணக்கில் எடுக்காத ஒரு வேலையைச் செய்கிறது. தினமும் ஐந்தாறு மணி நேரம் பிள்ளையை ஒரே இடத்தில், ஒரு பெரியவரின் கண்ணெதிரே வைத்திருக்கிறது. அது எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு மீரியபெத்தை சாட்சி. 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்களை மலை மூடியபோது, பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். விடுமுறைக் காலையாக இருந்திருந்தால் அவர்களும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள்.

அந்தக் காவல் இல்லாத சில வாரங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

மழையை அளக்க ஓர் அடிமட்டம்

கேகாலைக்கு மண்சரிவு புதிதல்ல. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களையே மூடியது. அந்த நாட்களின் அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயத்து மக்கள் மண்ணுக்குள் போனார்கள். 2025 நவம்பர் 22 அன்று கீழ்க் கடுகண்ணாவையில் கண்டி வீதியோரத்தில் பாறையும் மண்ணும் விழுந்து உயிர்கள் போயின. ஒரு வாரம் கழியுமுன் டித்வா புயல் வந்து மலைநாட்டையே உலுக்கியது. பள்ளித் தவணையும் அதோடு குலைந்துபோனது. ஆண்டிறுதி விடுமுறை, மண் ஏற்கெனவே நீர் குடித்து ஊறிப்போயிருக்கும் காலத்தில்தான் வருகிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். மழைக் கணக்கில் சொன்னால் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், 100, 150 என்பவை அந்த மூன்று படிகள். ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால் நேரே சிவப்புத்தான்.

இந்த எண்கள் அதிகாரிகளுக்கு மட்டும் உரியவை என்று பலர் நினைக்கிறோம். பக்கவாட்டு நேராக உள்ள ஒரு வெற்று டின்னை, கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் வையுங்கள். காலையில் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 75 மில்லிமீற்றர் மழை பெய்திருக்கிறது. தரம் நான்கில் அளவீடு படித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல விடுமுறை வேலை கிடையாது. தினமும் எழுதி வைத்துவிட்டு, டின்னைக் கவிழ்த்துவிடட்டும். ஏன் கவிழ்க்க வேண்டும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது என்பதும் உயிர்ப் பிரச்சினைதான். டித்வா நேரத்தில் தமிழில் அறிவிப்புகள் போதுமான அளவு, போதுமான வேகத்தில் வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. கேகாலையில் நாம் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி இருக்கிறோம். கிராம சேவகர் அனுப்பும் தகவல் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வரும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ லயத்துக்கு ஒருவராவது இருப்பார். அவர் வாசித்துச் சொல்வதை வேலையிடத்தில் இருக்கும் பெற்றோருக்கும் வீட்டில் இருக்கும் அப்பாயிக்கும் யார் சேர்ப்பது என்பதை மழை வருமுன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அரசு செய்ய வேண்டியதை நாம் செய்வதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கேட்டுக்கொண்டே இதையும் செய்வோம்.

அறிவிப்பு வராமலும் மலை பேசும். சுவரிலோ முற்றத்திலோ புதிதாக வெடிப்பு, நேற்று வரை மூடிய கதவு இன்று சிக்குவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது. இவற்றில் எதைக் கண்டாலும் சட்டிபானை பார்க்காமல் பிள்ளைகளோடு விலக வேண்டும். எங்கே போவது என்பதைப் பிள்ளைக்கு நடத்திக் காட்டியிருக்க வேண்டும். வாயால் சொன்னது பதற்றத்தில் மறந்துவிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சிரட்டையில் நிற்கும் தண்ணீர்

டின்னைக் கவிழ்க்கச் சொன்னது இதற்காக. டெங்கு பரப்பும் நுளம்பு சுத்தமான, தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். அது வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நகரத்தில் பூச்சாடியும் டயரும் குற்றவாளிகள் என்றால், இறப்பர் நாட்டில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பால் சிரட்டை. வெட்டு நடக்கும் நாளில் அதில் பால் நிற்கிறது. தொடர் மழையில் வெட்டு நின்றதும் தண்ணீர் நிற்கிறது. ஆயிரக்கணக்கான மரங்களைப் பெருக்கிப் பாருங்கள். வெட்டு நிற்கும் நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது தோட்ட நிர்வாகம் ஒழுங்குபடுத்த வேண்டிய வேலை. தொழிலாளி ஒருவர் தலையில் கட்டிவிட முடியாது. லயத்துப் பின்புறத்து உடைந்த பேசின், கூரைப் பீலி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் நம் பங்கு. இந்த நுளம்பு பகலில் கடிக்கும். காலையிலும் மாலையிலும் அதன் வேகம் கூடும். விடுமுறையில் பிள்ளை விளையாடும் நேரமும் அதுதான்.

2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது. அதற்குப் பிறகு டெங்கு என்ற சொல்லுக்கு நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் ஆபத்து. பள்ளி நாளில் காய்ச்சலென்றால் ஆசிரியராவது கேட்பார். விடுமுறையில் பிள்ளை மூலையில் சுருண்டு கிடந்தால், விளையாடிக் களைத்தது என்று விட்டுவிடுவோம்.

காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கக்கூடியது பரசிற்றமோல் ஒன்றுதான். நாம் பெனடோல் என்போமே, அது. பிள்ளையின் நிறைக்கேற்ற அளவு, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. அப்பாவின் இடுப்பு வலிக்கு வாங்கி வைத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் நடக்கிறது. டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், ப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீண்டால் வைத்தியரிடம் போக வேண்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை அவசியம்.

எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் இறங்கியதும் ‘பிள்ளைக்குச் சுகம்’ என்று அம்மா வேலைக்குப் போய்விடுகிறார். டெங்கு மோசமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுவது, தூங்கித் தூங்கி விழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, ஈறிலோ மூக்கிலோ இரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கேகாலையும் இரத்தினபுரியும் எலிக்காய்ச்சலுக்கும் பேர்போன மாவட்டங்கள். வயலிலும் சேற்றுக் கானிலும் விளையாடிய பிள்ளைக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், எங்கே விளையாடினான் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வயல் வேலைக்காக அப்பாவுக்குக் கொடுத்த தடுப்பு மாத்திரையைப் பிள்ளைக்குப் பங்கு போடக் கூடாது.

மழை இல்லாத நாளிலும் ஏறும் ஆறு

கித்துல்கல பக்கம் களனி கங்கையில் குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கதி. மேலே மின்நிலையம் ஓடத் தொடங்கினால், வானம் வெளுத்திருக்கும் நாளிலும் ஆறு ஏறிவிடும். கால் மணி நேரத்துக்கு முன்பு பிள்ளை நின்றிருந்த பாறை காணாமல் போகும். தோட்டத்து ஓயாக்களில் வேறு கதை. இங்கே தூறல்கூட இல்லை. மேல் மலையில் கொட்டிய மழை கலங்கலாக, குப்பைகூளத்தோடு வந்துசேரும். தண்ணீர் நிறம் மாறிய கணமே கரையேற வேண்டும் என்பதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். பெரியவர் துணையில்லாமல் குளிக்கப் போகக் கூடாது. பத்து வயது அண்ணன் பெரியவர் அல்ல.

ஒரு பிள்ளை மூழ்கினால் மற்றப் பிள்ளைகள் பின்னாலேயே குதிப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது அப்படித்தான். கத்தி ஆள் கூப்பிடு, கம்பு நீட்டு, மூடிய வெறும் கேனை எறி. பிள்ளைக்கு இந்த மூன்றும் போதும். கரைசேர்த்த பிள்ளைக்கு மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். அதற்குள் இன்னொருவர் 1990ஐ அழைக்கட்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பொன்னான நேரத்தைத் தின்றுவிடும்.

சோடாப் போத்தலில் அசிட்

இறப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டைச் சிறு தோட்டக்காரர்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். பழைய சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைத்தால், விளையாடித் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. புல்லுக்கு அடிக்கும் மருந்தும் மண்ணெண்ணெயும் அதே வகைப் போத்தல்களில்தான் இருக்கின்றன. குடிக்கும் பொருளின் போத்தலில் குடிக்கக் கூடாததை ஊற்றாதீர்கள். மீறிப் பிள்ளை குடித்துவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அசிட் இறங்கும்போது சுட்டது போதாதென்று ஏறும்போதும் சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

சருகுக்குள் சுருண்டிருப்பது

இறப்பர் சருகின் நிறத்திலேயே ஒரு சிறு விரியன் உண்டு. மூக்கு நுனி மேல் நோக்கித் தூக்கியிருக்கும். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் விஷப்பாம்புகளில் இது முக்கியமானது. இங்கே வைத்தியசாலைகளில் உள்ள பாம்பு விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அது இந்த விரியனுக்கு வேலை செய்யாது. அப்படியானால் வைத்தியசாலைக்கு ஏன் போக வேண்டும் என்று வாதிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும், இரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடித்துப் பார்க்க வைத்தியசாலையால்தான் முடியும். கடித்த இடத்தைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். காலை அசைக்காமல் தூக்கிச் செல்லுங்கள். பந்து பொறுக்கச் சருகுக்குள் போகும் பிள்ளை கம்பால் தட்டிக்கொண்டு போகட்டும். செருப்பு போதாது, சப்பாத்து வேண்டும்.

குளவிக் கூட்டுக்குக் கல்லெறிவது விடுமுறை விளையாட்டுகளில் ஒன்று. கூடு கலைந்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 1990.

கிளினிக் புத்தகத்தைத் தேடுங்கள்

ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளைக்குத் தரம் ஒன்று. பிறந்தபோது கொடுத்த சிறுவர் சுகாதாரப் பதிவேட்டை, நாம் கிளினிக் புத்தகம் என்பதை, இப்போதே பெட்டியிலிருந்து எடுங்கள். மூன்று வயதில் இரண்டாவது முறை போட வேண்டிய சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசியும் ஐந்து வயதில் போலியோச் சொட்டு மருந்தோடு போடும் ஊசியும் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மழையில் புத்தகம் போய்விட்டதென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவரிடமும் பதிவு இருக்கும்.

ஐந்தாம் தரத்தோடு முடியும் தோட்டப் பள்ளியிலிருந்து ஆறாம் தரத்துக்கு வெளியே போகும் பிள்ளைக்கு, ஹட்டன் வீதியையோ கண்டி வீதியையோ கடப்பதே முதல் பாடம். விடுமுறையில் இரண்டு தடவையாவது அந்த வழியைக் கூட நடந்து காட்டுங்கள். ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியும் பள்ளியிலேயே உண்டு. சம்மதப் படிவம் சிங்களத்தில் வந்தால், என்னவென்று கேட்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பள்ளி மூடியதும் அங்கே கிடைக்கும் சாப்பாடும் நின்றுபோகிறது. ரொட்டியும் சாயத்தண்ணியுமாகப் பகலை ஓட்டுகிறார்கள் பிள்ளைகள். தேத்தண்ணீரைச் சாப்பாட்டோடு குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். ரொட்டியோடு வல்லாரைச் சம்பல், ஒரு முட்டை, காலையில் அவித்து வைத்த கடலை என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

அயல் வீட்டில் விட்டுப் போகும்போது அந்த வீட்டில் பகலில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். மாலையில் பிள்ளை அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றால், அடம் என்று அதட்டாமல் ஏன் என்று கேளுங்கள். சிறுவர் உதவிக்கு 1929.

117, 1990, 1929. இந்த மூன்றையும் அம்மாவின் கைபேசி இலக்கத்தோடு சேர்த்து, கரித்துண்டால் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளையே எழுதட்டும், அப்பாயிக்கும் வாசிக்கத் தெரியும் அளவில்.