உங்களுக்குத் தெரியுமா? எம்சிபி கண்டுபிடிக்காத சூடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில்லோ, காக்களூர் சிட்கோவின் சிறு பட்டறையோ, ஒயர் கருகுவது பெரும்பாலும் அதன் நடுவில் அல்ல, இணைப்பில்தான்.

20 ஆம்பியர் ஓடும் ஜாயிண்ட் தளர்ந்து 0.1 ஓம் தடை கூடினால் போதும், அந்த ஒரே இடத்தில் 40 வாட் வெப்பம் பிறக்கும். சூடேறிய சால்டரிங் அயர்னை டேப்புக்குள் சுற்றி வைத்ததற்குச் சமம் இது. எம்சிபியும் ட்ரிப் ஆகாது, கரண்ட் கூடவில்லையே!

அலுமினியக் கேபிளைச் செம்போடு நேரடியாக முறுக்குவது இன்னும் ஆபத்து. அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்கும். மேலே ஆக்சைடு படலம் படியும். ஈரம் சேர்ந்தால் அரிக்கும். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்று அதற்குத் துணைபோகும். இந்த இரண்டு உலோகங்களையும் இணைப்பதற்கென்றே பைமெட்டாலிக் லக் கடைகளில் கிடைக்கிறது.

பல இழை ஒயரின் நுனியில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் முடுக்குவதைப் பலர் நல்ல வேலை என்றே நம்புகிறார்கள். தவறு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். ஒயரின் சதுர மில்லிமீட்டருக்கு ஏற்ற லக்கை, அதற்குரிய கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. பிறகு கையால் இழுத்துப் பாருங்கள். உருவி வந்தால் வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள்.

பேனலில் கருகல் வாடை வந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை உடனே அழையுங்கள்.