1,100 ரூபாய் மிச்சம்

நம் சங்கத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். ரயில்வே சிக்னல் பிரிவில் 37 வருஷம் ஓட்டியவனுக்கு இதுவும் தெரியாமலா போகும் என்று ஒரு நம்பிக்கை. இப்போதெல்லாம் கேள்வி ஒன்றேதான். "சார், பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. போடச் சொல்கிறான் பையன். ஒன்று இன்ன விலை, இன்னொன்று அதில் முக்கால்வாசி. எதை வாங்கலாம்?" போனில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் ஆசிரியரிடம் ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. 2019 செப்டம்பரில், இங்கே நாக்பூரில் ஒரு கடையில் 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டு காட்டினார்கள். ஒன்று பெயர் பெற்றது. இன்னொன்றின் பெயர் வாயில் நுழையவில்லை. வித்தியாசம் 1,100 ரூபாய். இரண்டுக்கும் மூன்று வருஷ உத்தரவாதம். மிச்சம் பிடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். 2022 மே மாதம், வெளியே 45 டிகிரி. கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு அப்படி ஒரு டிரைவ் இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் புது டிரைவ் கொடுத்தார். அவர் மேல் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உத்தரவாதம் டிரைவுக்குத்தான். கடைசிக் காலத்தில் எங்களோடு இருந்த என் அம்மா பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டுமாக 40-க்கு மேல் ஒலிப்பதிவு அதற்குள் இருந்தது. மீட்டுத் தர முயல்கிறோம், 28,000 ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள் ஓரிடத்தில். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் தகவலைப் பல இடங்களில் சிதறி எழுதுகிறது. பல டிரைவ்களில் பூட்டியும் வைக்கிறது. அது செத்தால் சாவியும் போயிற்று.

சிக்னல் வேலையில் முதல் நாள் பாடம் இது: ரிலே கெட்டாலும், கம்பி அறுந்தாலும், கரண்ட் போனாலும் சிக்னல் சிவப்புக்குத்தான் போக வேண்டும். பச்சையில் நின்றுவிடக் கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க் ஓரளவு நல்ல பிள்ளை. பல சமயம் கெடுவதற்கு முன் 'டக் டக்'கென்று சத்தம் போடும், மந்தமாகும், நாமும் சுதாரிப்போம். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் கடைசி நிமிஷம் வரை பச்சை காட்டிவிட்டு ஒரேயடியாக அணைந்துவிடும். 'ஆரோக்கியம் 97 சதவிகிதம்' என்று மென்பொருள் காட்டுவது தேய்மானக் கணக்கு மட்டும்தான்.

அந்தத் தேய்மானத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். டி.எல்.சி. என்றால் ஒரு செல்லில் மூன்று பிட், கியூ.எல்.சி. என்றால் நான்கு. நெருக்கி அடைக்க அடைக்க விலையும் குறையும், ஆயுளும் குறையும். க்ரூஷியல் பி3 என்ற 1 டெராபைட் கியூ.எல்.சி. டிரைவில் மொத்தம் 220 டெராபைட் எழுதலாம் என்பது கம்பெனிக் கணக்கு, டி.எல்.சி. வகையான சாம்சங் 870 ஈவோவில் 600. ஏதோ பெரிய வித்தியாசம் போலத் தெரியும். ஒரு குடும்பம் தினம் 20 ஜி.பி. எழுதினாலும் வருஷத்துக்கு 7.3 டெராபைட்தான். 220 தீர 30 வருஷம் ஆகும். அதுவரை நானும் இருக்கப் போவதில்லை, அந்த லேப்டாப்பும் இருக்கப் போவதில்லை.

பெயருள்ள கம்பெனி என்றால் கவலையில்லையா? அப்படியும் இல்லை. க்ரூஷியல் எம்4 டிரைவ்கள் 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கொரு முறை மயங்கி விழுந்தன. 2012-ல் ஃபர்ம்வேர் மாற்றிச் சரி செய்தார்கள். சர்வர்களுக்காக எச்.பி.ஈ. விற்ற சில டிரைவ்கள் சரியாக 32,768-வது மணியில் செத்துவிடும் என்று 2019-ல் அந்தக் கம்பெனியே எச்சரித்தது. சேர்ந்து வாங்கியவை சேர்ந்தே போகும்! பெரிய கம்பெனியிடம் நமக்குக் கிடைக்கும் லாபம், தவறைக் கண்டுபிடித்து மருந்து அனுப்புகிறார்கள் என்பதுதான். எனக்குக் கிடைத்த பெயரற்ற டிரைவுக்கு ஒரு இணையதளம்கூட இல்லை.

விலைக்கு வருவோம். 2008-ல் இன்டெல் வெளியிட்ட 80 ஜி.பி. டிரைவ் 595 டாலர். 2023-ல் என் மாப்பிள்ளை 1 டெராபைட்டை 5,000 ரூபாய்க்குள் வாங்கினார். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, விலை மறுபடி ஏறிற்று. ஏறும்போதுதான் மலிவுச் சரக்குக்குக் கை நீளும். '16 டெராபைட், 2,000 ரூபாய்' என்று விளம்பரம் கண்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வைத்திருப்பார்கள்.

என் யோசனை: விண்டோஸ் ஓட, பிள்ளைகள் படிக்க என்றால், ஐந்து வருஷ உத்தரவாதமுள்ள சாதாரண டி.எல்.சி. போதும். கல்யாண வீடியோ மாதிரிப் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து ஏற்றினால் கியூ.எல்.சி. சில சமயம் ஹார்ட் டிஸ்க்கைவிட மந்தமாகிவிடும். அந்த வேலை இல்லாதவர்களுக்கு அதுவும் போதும். ஆனால் பெயர் தெரிந்ததாக இருக்கட்டும். மேலே கொடுக்க நினைக்கும் இரண்டாயிரம் மூவாயிரத்தை விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.யில் போடாமல், இரண்டாவது பிரதிக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள்.

பீரோவில் வைத்துப் பூட்ட எஸ்.எஸ்.டி. சரிப்படாது. செல்லில் இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். அனுமதித்த அளவு முழுதும் எழுதித் தேய்ந்த டிரைவ் 30 டிகிரியில் கரண்ட் இல்லாமல் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் தர விதி. புதியது அதைவிடப் பல மடங்கு தாங்கும் என்றாலும், நாக்பூர் மே மாதத்தில் நம் பீரோ 30 டிகிரியிலா இருக்கிறது?

அம்மாவின் பாட்டில் 19 திரும்பக் கிடைத்தன. எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை விழுப்புரத்தில் என் தங்கை அழிக்காமல் வைத்திருந்தாள். "அண்ணா, உனக்கு அனுப்பட்டுமா?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று பிலாஸ்பூரில் மகள் வீட்டில். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, எல்லாவற்றையும் ஒரு முறை ஓடவிட்டுக் கேட்கிறோம். என் மனைவி அதற்கும் குங்குமம் வைப்பாள். அது யு.எஸ்.பி. துளைக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.