வானத்திலிருந்து விழுந்தது என்ன?

பகல் நேரம். தெருவில் கோலி விளையாடிக் கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று 'டமார்!' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வருகிறார். தெருவே அண்ணாந்து பார்க்கிறது. வானத்தில் ஒன்றும் இல்லை!

மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் குட்டீஸுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. அவ்வப்போது கேட்கும். மறுநாள் டீக்கடையில் ஆளுக்கொரு கதை ஓடும்.

"குவாரியில வெடி வச்சிருப்பாங்க."

"இல்லப்பா, எரிகல்லு விழுந்திருக்கு."

"போர் விமானம் வேகமாப் போன சத்தம்னு அதிகாரிங்க சொல்றாங்களே?"

"அட, விடுங்கண்ணே! அவங்க எதையோ மறைக்கிறாங்க!"

விமானம் போனால் அப்படிச் சத்தம் வருமா? வரும். காற்றில் ஒலி மணிக்குச் சுமார் 1,200 கி.மீ. வேகத்தில் போகிறது. அதை முந்திக் கொண்டு பறக்கும் விமானம், காற்றை நெருக்கித் தள்ளுகிறது. அந்த நெருக்கம் தரைக்கு வந்து சேரும்போது வெடிச் சத்தமாகக் கேட்கிறது. ஆனால், கேட்கும் சத்தமெல்லாம் விமானம்தானா?

அதிகாரிகள் சொன்னால் அப்படியே நம்ப வேண்டுமா? சந்தேகப்படலாமா?

தாராளமாகச் சந்தேகப்படலாம். ஆனால், சந்தேகப்படுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதைக் கற்றுக் கொடுத்ததே வானத்திலிருந்து விழுந்த சில கற்கள்தான்!

நம்ம ஊர்க் கல்!

1857ஆம் ஆண்டு, பிப்ரவரி 28. நண்பகல் வேளை. அன்றைய மதுரை மாவட்டத்தில், இன்றைய கமுதிக்குத் தெற்கே உள்ள கரிசல் காட்டில் வானத்திலிருந்து இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து சுமார் 77 கிலோ! ஒரு பெரிய ஆளின் எடை.

விஞ்ஞானிகளின் ஏடுகளில் இந்தக் கல்லின் பெயர் 'பர்னாலி'. இப்படி ஓர் ஊரா என்று யோசிக்கிறீர்களா? அந்த வட்டாரத்தில் பெருநாழி என்ற ஊர் இருக்கிறது. வெள்ளைக்காரர் வாயில் பெருநாழிதான் பர்னாலி ஆகியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்தக் கல்லின் பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் உண்டு. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், அதாவது சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உண்டானவை அவை. அப்போது நம் பூமியே முழுதாக உருவாகவில்லை!

சரி, கல் வானத்திலிருந்துதான் விழுந்தது என்று 1857இல் அறிஞர்கள் எப்படி ஒப்புக் கொண்டார்கள்? அதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே நடந்து முடிந்திருந்தது.

பெரியவர்கள் தோற்ற கதை

1768ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் லூசே என்ற கிராமத்தில் ஒரு கல் விழுந்தது. வயலில் வேலை செய்து கொண்டிருந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். பாரீஸ் அறிவியல் கழகத்துக்குக் கல் போய்ச் சேர்ந்தது. அதை ஆராய்ந்த குழுவில் இருந்தவர் யார் தெரியுமா? வேதியியலின் தந்தை என்று நாம் படிக்கிறோமே, அந்த லவாய்சியர்!

"இது வானத்திலிருந்து விழவில்லை. பூமியில் கிடந்த கல்லில் மின்னல் தாக்கியிருக்கிறது" என்பதுதான் குழுவின் முடிவு. வானத்தில் ஏது கல் என்பது அன்றைய படித்தவர்களின் எண்ணம்.

அவ்வளவு பெரிய அறிஞருக்கே தவறு நேர்ந்தது! குடியானவர்கள் சொன்னதுதான் சரி.

அடுத்த திருப்பம் நம் நாட்டில். 1798 டிசம்பரில் காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கற்கள் விழுந்தன. அவற்றையும், வேறு நாடுகளில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களையும் எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஆராய்ந்தார். 1802இல் முடிவை வெளியிட்டார். எங்கெங்கோ விழுந்த கற்கள். ஆனால், எல்லாவற்றிலும் நிக்கல் கலந்த இரும்பு! பூமியின் சாதாரணப் பாறைகளில் அப்படி இருப்பது அபூர்வம்.

மறு ஆண்டு, 1803 ஏப்ரல் 26இல், பிரான்சில் லேகிள் என்ற ஊரில் சுமார் 3,000 கற்கள் மழையாகக் கொட்டின. அரசாங்கம் ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் என்ன செய்தார்? கிராமம் கிராமமாகப் போய் மக்களை விசாரித்தார். வெவ்வேறு ஊர், வெவ்வேறு தொழில். ஆனாலும் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அந்த வட்டாரத்தில் அதற்கு முன் அப்படிப்பட்ட கல் எங்குமே கிடையாது என்பதையும் பார்த்தார். அவ்வளவுதான்! வானத்திலிருந்து கல் விழும் என்று அறிவியல் உலகம் ஒப்புக் கொண்டது.

பார்த்தவர்களைக் கேட்க வேண்டும். கல்லையும் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோலச் சொன்னால்தான் சாட்சி பலம்!

விண்கல் என்று சொன்னது அரசு!

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2016 பிப்ரவரி 6. அப்போதைய வேலூர் மாவட்டத்தில், நாட்றம்பள்ளி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய வெடிச் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. தரையில் ஒரு பள்ளம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்து போனார். வேறு சிலருக்குக் காயம்.

விண்கல் விழுந்ததால் விபத்து என்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிக்கை வெளியிட்டார். இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உதவியும் அறிவித்தார். செய்தி உலகம் முழுவதும் பரவியது. விண்கல் விழுந்து ஒருவர் இறப்பது என்பது அவ்வளவு அபூர்வம்!

ஆனால், சந்தேகமும் கூடவே கிளம்பியது. படங்களைப் பார்த்த அமெரிக்காவின் 'நாசா' விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு போலத் தெரிகிறது என்றார்கள். பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தினரும் சந்தேகம் தெரிவித்தார்கள்.

ஏன் சந்தேகம்? சிறிய விண்கல் காற்றில் உரசி உரசி வேகம் குறைந்துவிடும். மாடியிலிருந்து போட்ட கல் மாதிரி 'தொப்'பென்று விழும். வெடிகுண்டு போலத் தரையில் வெடிக்காது. விழுவதற்கு முன் வானத்தில் நெருப்புக் கோடும் தெரிய வேண்டும்.

உலகில் எங்கே விண்கல் விழுந்தாலும், ஆராய்ந்து உறுதி செய்தபின் பதிவு செய்யும் பட்டியல் ஒன்று இருக்கிறது. விண்கல் அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கம் அதைப் பராமரிக்கிறது. நம்ம ஊர் பர்னாலி அதில் இருக்கிறது. 2008 செப்டம்பர் 12இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த, மொத்தம் 110 கிலோ எடையுள்ள விண்கல்லும் இருக்கிறது. நாட்றம்பள்ளி அதில் இல்லை!

'விண்கல்லோ, வெடியோ... இறந்தவர் இறந்தவர்தானே?' என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வானம் செய்தது என்றால், யாரும் எதுவும் செய்ய முடியாது. அழுதுவிட்டுப் போக வேண்டியதுதான். தரையில் வெடித்தது என்றால், எது வெடித்தது, எப்படி வெடித்தது என்று கேட்க வேண்டும். நாளை இன்னொருவருக்கு அப்படி நடக்காமல் தடுக்க வேண்டும். அவசரத்தில் சொல்லும் ஒரு பதில், கேட்க வேண்டிய கேள்விகளை மூடிவிடும். இறந்து போன அந்த ஓட்டுநருக்கு நாம் செய்யும் மரியாதை, உண்மையைக் கேட்பதுதான்.

மக்கள் ஏமாந்த கதை

அப்படியானால் எப்போதும் மக்கள்தான் சரியா? பொறுங்கள்!

2018 ஜனவரியில் ஹரியானா மாநிலம் குருகிராம் அருகே ஒரு கிராமத்து வயலில் பெரிய பனிக்கட்டி 'தொப்'பென்று விழுந்தது. வானத்திலிருந்து வந்த அபூர்வப் பொருள் என்று நினைத்த மக்கள், ஆளுக்கொரு துண்டை எடுத்துப் போய் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். அதிகாரிகள் வந்தார்கள். "விமானத்தின் கழிவறையிலிருந்து கசிந்து உறைந்த கழிவாக இருக்கலாம்" என்றார்கள். உவ்வே! வைத்திருந்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்?

இன்னொன்று, தேனிக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் நடந்தது. 2001 ஜூலை மாதம் கோட்டயம் பகுதியில் சிவப்பு மழை பெய்தது. வானத்தில் விண்கல் வெடித்த தூசியாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வு நிறுவனம் முதலில் சொன்னது. மழைநீரை உருப்பெருக்கியில் பார்த்த பிறகு, தூசி அல்ல, ஒருவகைப் பாசியின் நுண்வித்துகள் என்று மாற்றிச் சொன்னது. "பார்த்தீங்களா, பேச்சை மாத்துறாங்க" என்று தோன்றும். ஆனால், புதிய சான்று கிடைத்ததும் பழைய பதிலைத் திருத்துவது பொய் இல்லை. அதுதான் நேர்மை. திருத்த மறுப்பதுதான் தப்பு.

நீங்களே துப்பறியலாம்!

'அவங்க மறைக்கிறாங்க' என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பது சுலபம். அதில் ஒன்றும் தெரியப் போவதில்லை. அடுத்த முறை சத்தம் கேட்டாலோ, ஏதாவது விழுந்தாலோ இப்படிச் செய்து பாருங்கள்.

* கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து வையுங்கள். எந்தத் திசையில் கேட்டது, வெளிச்சம் தெரிந்ததா என்றும் எழுதுங்கள். மற்றவர்களிடம் பேசுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

* பக்கத்து ஊரில் உள்ள சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். "வெளிச்சம் பார்த்தீங்கதானே?" என்று கேட்கக் கூடாது. "என்ன பார்த்தீங்க?" என்று கேட்க வேண்டும்.

* கல் கிடைத்தால் கவனியுங்கள். விண்கல்லின் மேல் கருகிய மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். அளவுக்கு மீறிக் கனக்கும். பெரும்பாலும் காந்தம் ஒட்டும். இட்லி மாதிரி துளை துளையாக இருந்தால் அநேகமாக அது விண்கல் இல்லை; உலையில் கழித்துப் போட்ட கசடாக இருக்கலாம்.

* உலோக உருண்டை, வளையம் போன்றவை விழுந்தால் தொடவே தொடாதீர்கள்! 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்தது. சீன ராக்கெட்டின் பாகமாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் கருதினார்கள். 2023இல் ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய உலோக உருளையோ, நம் இந்திய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பாகம்! இவற்றில் நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம்.

* பெரியவர்களிடம் சொல்லி, காவல் நிலையத்துக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தகவல் கொடுங்கள். நம் நாட்டில் விழும் விண்கற்களை ஆராய்ந்து பாதுகாப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை.

* அதிகாரி ஒரு பதில் சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்த ஆய்வுக்கூடம் பார்த்தது? என்ன கிடைத்தது? டீக்கடை அண்ணனிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். மறக்காமல் உங்களையும் கேட்டுக் கொள்ளுங்கள்!

அதிகாரி சொன்னதால் ஒன்று உண்மையாகிவிடாது. அதிகாரி சொன்னதால் பொய்யாகியும் விடாது. கமுதிப் பக்கக் கரிசல் காட்டில் விழுந்த கல் யாருக்கும் பயப்படவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டவர்களுக்குத் தன் 456 கோடி ஆண்டுக் கதையைச் சொல்லிவிட்டு, லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த கல் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் விழலாம். நோட்டும் பென்சிலும் தயாரா, குட்டீஸ்?