புற்றுநோய் ஆதரவு சிகிச்சை: மருந்து மலிவு; சுமை எங்கே?

பாலக்காடு: புற்றுநோயாளிகளின் வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிப்பது வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையாகும். இது இறுதி நாள்களுக்கு மட்டுமானதன்று. நோயின் தொடக்கத்திலேயே பிற சிகிச்சைகளுடன் சேர்த்து அளிப்பதே பயன் தரும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இப்பணி, 2008-இல் மாநில அரசின் கொள்கையானது. உள்ளாட்சி அமைப்புகளின் ஆதரவுடன் செவிலியர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்கின்றனர். கடும் வலிக்கான மார்பின் மாத்திரை விலை குறைந்தது. அதைப் பெறுவதற்கான விதிகளும் 2014 சட்டத்திருத்தத்தால் எளிதாக்கப்பட்டன.

ஆனால், தமிழக எல்லையையொட்டிய சித்தூரின் விவசாயத் தொழிலாளர், மூணாறின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உண்மையான செலவு வேறு. நோயாளியைக் கவனிக்க ஒருவர் வேலையை விட்டால், அவரது தினக்கூலி நின்றுவிடும். வீடு தேடி வரும் சிகிச்சை பயணச் செலவைக் குறைக்கும்; அந்தக் கூலியை ஈடுசெய்யாது.