கைக்குள் அடங்கும் கருவி

கன்னியாகுமரிக்குச் சிறிது வடக்கே, நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையில் கொட்டாரம் என்னும் ஊர் இருக்கிறது. கொட்டாரம் என்றால் அரண்மனை என்று பொருள். ஆனால், அவ்வூரில் பிறந்து வளர்ந்த என் இளமையை ஆட்கொண்டது அரண்மனையன்று; என் தந்தையார் வைத்திருந்த ஒரு சிறிய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி. மாலை வேளையில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வயல் வரப்பில் நடப்பார். பாட்டும் செய்தியும் அவரோடு கூடவே நடந்து செல்லும். ஒருநாள் அவர் உறங்கும் நேரம் பார்த்து, திருப்புளியால் அப்பெட்டியின் முதுகைத் திறந்துவிட்டேன். உள்ளே பாடுபவர் எவரும் இல்லை. வண்ணக் கம்பிகள் சிலவும், பட்டாணி அளவான உருண்டைகள் சிலவுமே இருந்தன. அன்று பற்றிக்கொண்ட ஆர்வம் இன்றுவரை என்னை விட்டபாடில்லை. கைக்குள் அடங்கும் கருவி எதைக் கண்டாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியத் தோன்றுகிறது.

மாணவ நண்பர்களே, இன்று உங்களில் பெரும்பாலோர் கையில் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். டிரான்சிஸ்டர் என்னும் நுண்பொருள் 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1954-இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி என்னும் சட்டைப்பை வானொலியில் நான்கே நான்கு டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றோ, உயர்ந்த வகைக் கைப்பேசி ஒன்றின் முதன்மைச் சில்லில், நகத்தளவு இடத்தில், ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர் நியூயார்க் வீதியில் நின்றுகொண்டு கைப்பேசியில் முதன்முதலாகப் பேசினார். அக்கருவி ஒரு கிலோவுக்கும் மேல் எடை உடையது. நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு கைப்பேசியில் உரையாடினார். அதற்குப் பதினைந்து நாட்கள் கழித்து, ஆகஸ்டு 15 அன்று, இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இரட்டைப் பிள்ளைகளைப் போல வந்த இவ்விரண்டும் பின்னாளில் ஒரே கருவிக்குள் ஒன்றாயின.

கைப்பேசியைப் பற்றிப் பேசும் இளைஞர்கள், அதில் எத்தனை கேமரா, நினைவகம் எவ்வளவு, விலை என்ன என்றே பெரும்பாலும் பேசுகிறார்கள். நானும் அப்படிப் பேசியவன்தான். ஆயினும், ஆற்றல் முழுவதும் அக்கருவிக்குள்ளேயே இருக்கிறது என்று எண்ணுவது தவறு. அது ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதற்குப் பின்னால் மூன்று கண்ணிகள் உள்ளன. ஒன்று அலை, மற்றொன்று எழுத்து, மூன்றாவது மனிதன். இம்மூன்றில் எது அறுந்தாலும் நம் கையில் மிஞ்சுவது வெறும் கண்ணாடித் துண்டுதான்.

அலையை முதலில் எடுத்துக்கொள்வோம். கைப்பேசி மிகக் குறைந்த வலிமையுடைய வானொலி அலைகளையே வெளியிடுகிறது. அவை நெடுந்தூரம் செல்ல மாட்டா. ஆகவே நாட்டைச் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோபுரம் நிறுத்தியிருக்கிறார்கள். இவ்வட்டாரத்திற்குச் செல் என்று பெயர். சிற்றறை என்பது அதன் பொருள். நீங்கள் கொட்டாரத்தில் பேருந்தில் ஏறி, பேசிக்கொண்டே சுசீந்திரம் வழியாக நாகர்கோவில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோபுரம் உங்கள் பேச்சை அடுத்த கோபுரத்தின் கையில் ஒப்படைக்கிறது. அது அதற்கடுத்ததிடம் கொடுக்கிறது. உங்கள் பேச்சோ ஓரிடத்திலும் அறுவதில்லை.

தரையில் இது நடக்கும். கடலில் கோபுரம் ஏது? கரையிலிருந்து சுமார் 10 அல்லது 12 கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசி ஊமையாகிவிடுகிறது. இவ்வுண்மையை எங்கள் மாவட்டம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வெகு விரைவாக வலுப்பெற்று வீசியது. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கி மீன்பிடிப்பவர்கள் அதற்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள். கரையில் எச்சரிக்கை இருந்தது. அவர்கள் மடியில் கைப்பேசியும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அலைதான் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம்மவரை இழந்தன.

அதன் பின்னர் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். விமானங்களுக்கு வழிகாட்டுவதற்காக ககன் என்னும் திட்டத்தில் நம் நாட்டுச் செயற்கைக் கோள்கள் ஏற்கெனவே பணியாற்றி வந்தன. அவற்றின் வழியாகவே புயல் எச்சரிக்கையை அனுப்பினால் என்ன என்று எண்ணினார்கள். 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் சிறு கருவி வெளிவந்தது. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் தரும் செய்தி, பூமிக்குச் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக் கோளுக்கு ஏறி, அங்கிருந்து படகிலுள்ள ஜெமினிக்கு இறங்குகிறது. ஏறி இறங்கும் தூரம் 72,000 கிலோமீட்டர். வானொலி அலை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வதால், இப்பயணத்திற்கு ஏறத்தாழக் கால் வினாடி போதும். ஜெமினி அச்செய்தியை அருகிலுள்ள கைப்பேசிக்குக் கொடுக்க, மீனவர் ஒன்பது மொழிகளில் தமக்குரிய மொழியில் அதைப் படிக்கலாம். அதில் ஒரு குறை உண்டு. செய்தி வருமேயன்றி, படகிலிருந்து மறுமொழி அனுப்ப இயலாது. இருவழியாகவும் செய்தி செல்லத்தக்க கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

அவரவர் மொழியில் படிக்கலாம் என்றேன் அல்லவா? அதுதான் இரண்டாவது கண்ணியாகிய எழுத்து. கருவிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். தொடக்க காலத்தில் கணினித் தமிழில் ஒருவர் கொடுத்த எண் மற்றொருவருக்கு ஒத்துவரவில்லை. சிங்கப்பூரில் எழுதி அனுப்பிய கடிதம் சென்னையில் புரியாத குறிகளாக வந்து நிற்கும். இக்குழப்பத்தைத் தீர்க்கப் பல நாட்டுத் தமிழர்களும் முயன்றார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ் 99 என்னும் விசைப்பலகை அரசின் ஒப்புதலைப் பெற்றது. உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும், மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்த பலகை அது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005-இல் சிங்கப்பூரில் கைப்பேசித் திரைக்குத் தமிழைக் கொண்டுவந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறை இன்று நிலைபெற்றுவிட்டது. அம்முறையில் ககரத்தின் எண் 2965. எங்கள் ஊரின் முதலெழுத்தாகிய ‘கொ’ திரையில் மூன்று உருவங்களாகத் தோன்றினாலும், கருவிக்குள் 2965, 3018 என்னும் இரண்டே எண்களாக உறங்குகிறது.

இன்னும் ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தானால் 160 அடங்கும். தமிழானால் 70 குறியீடுகளே அடங்கும். முதலில் வகுக்கப்பட்ட சிறு எழுத்துப் பட்டியலில் நம் எழுத்துக்கு இடமில்லாமற் போனதே இதற்குக் காரணம். பின்னால் வந்தவன் திண்ணையில் படுக்க நேர்ந்தது போலத்தான். விதி வகுக்கும் அவையில் நம்மவர் அமர்ந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து நீங்கள் உணரலாம்.

இனி மூன்றாவது கண்ணி, மனிதன். இதைப் பற்றிப் பேசும்போது என் குற்றம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள், கடலுக்குச் சென்ற சில படகுகள் லட்சத்தீவில் பத்திரமாகக் கரை சேர்ந்தன என்று ஒரு செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. படகுகளின் பெயர்களும் அதில் இருந்தன. என்னோடு கல்லூரியில் படித்த நண்பர் ஒருவருடைய தம்பி சென்ற படகின் பெயரும் அதில் இருக்கக் கண்டு, மகிழ்ச்சி மிகுதியால் உடனே அதை அவருக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவருடைய தாயார் என்னை அழைத்தார். “மக்களே, நீ அனுப்பினது உள்ளதுதானா?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ‘உள்ளது’ என்றால் உண்மை என்று பொருள். “ஆமாம் அம்மா” என்றேன். அச்செய்தியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்றும் நான் கேட்கவில்லை. மறுநாளே அது பொய்யென்று தெரிந்தது. அத்தம்பி திரும்பி வரவேயில்லை. அன்று அலை பழுதுபடவில்லை, எழுத்தும் பழுதுபடவில்லை, பழுதுபட்டது நான்தான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த பிழையன்று. 2018 மே மாதத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்நாட்களில் கைப்பேசிகளின் வழியே பரவிய வதந்தியே அந்த ஐயத்திற்கு வித்து. அவ்வாண்டில் நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொடுமைகள் நிகழ்ந்த பிறகு, வாட்ஸ்அப் நிறுவனம் ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் ஒரு செய்தியை மாற்றி அனுப்ப முடியாதபடி இந்தியாவில் தடை விதித்தது. தடை நல்லதே. ஆனால், ஐந்து பேருக்குப் பொய் சொன்னாலும் பொய் பொய்தானே!

இவற்றைக் கேட்டு, கைப்பேசியே கூடாது என்று சொல்ல வருகிறேன் என எண்ணிவிடாதீர்கள். அதே விரல்கள் நன்மையும் செய்திருக்கின்றன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் கருதாத அன்பர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி, எவரும் விலையின்றிப் படிக்கச் செய்தது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றை எழுதியவர்களில் உங்களைப் போன்ற மாணவர்களும் உண்டு. உங்கள் ஊர்க் குளத்தின் பெயர் என்ன, அதன் நீர் எந்த வயல்களுக்குப் பாய்கிறது என்று முதியவர்களைக் கேட்டறிந்து நான்கு வரி எழுதுங்கள். பெறுவதற்கு மட்டுமே பயன்பட்ட கருவி, அன்று முதல் கொடுப்பதற்கும் பயன்படும்.

என் தந்தையாரின் பெட்டியில் கேட்க மட்டுமே முடிந்தது. உங்கள் கையிலுள்ள கருவியிலோ கேட்கவும் முடிகிறது, உலகிற்குச் சொல்லவும் முடிகிறது. சொல்லும் உரிமை வந்தபோதே அதனோடு பொறுப்பும் வந்துவிட்டது. ஒரு செய்தியை அனுப்புவதற்கு முன், விரலைச் சற்றே நிறுத்தி, அந்தத் தாயார் என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: “இது உள்ளதுதானா?”