கழற்றிய தேக்குக் கதவு யாருக்குச் சொந்தம்?

"பழைய மரத்த நாங்களே அள்ளிக்கிட்டுப் போயிடுறோம் சார், வண்டி வாடகை உங்களுக்கு மிச்சம்." சுவர் அலமாரியை மாற்ற வரும் கான்ட்ராக்டர் இப்படிச் சொன்னால் உதவி போலத்தான் தோன்றும். பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவரில் குழி விட்டு, கடப்பா கல் தட்டு பதித்து, முன்னால் தேக்குக் கதவு போட்டிருப்பார்கள். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அது தேக்கு என்பதே மறந்துபோயிருக்கும். அதைக் கொண்டுபோய்விட்டு, அந்த இடத்தில் பார்ட்டிகிள் போர்டை மாட்டி, நம்மிடமே பணமும் வாங்குகிறார்கள். கழற்றும் மரம், கண்ணாடி, பித்தளைக் கீல் எல்லாம் வீட்டுக்காரருடையவை. வேலைக்காரர் எடுத்துக்கொள்வதானால் அதன் மதிப்பைக் கூலியில் கழிக்க வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

முதலில், உடைக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பெட்டி டிவி காலத்தில் ஹாலில் கட்டிய ஷோகேஸ் இன்றைய தட்டை டிவிக்கு உதவாது. ஆனால் அந்த ஆழம் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதும் மேசைக்குச் சரியாக இருக்கும். கடப்பா கல்லைக் கரையான் தின்னாது, ஈரத்தில் உப்பாது. கதவை இழைத்து, கீலையும் கைப்பிடியையும் மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இழைக்கும்போதுதான் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கலாம். மெஷின் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் படியும். தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் அங்கே இருக்க வேண்டாம்.

பரணை இடிப்பது தனிக் கதை. பல வீடுகளில் பரண் லிண்டலோடு சேர்த்துப் போட்ட கான்கிரீட். தூண் இல்லாத பழைய வீட்டில் சுவர்தான் மாடியைத் தாங்குகிறது. அதில் புதுக் குழி வெட்டும் முன் கொத்தனாரை மட்டும் கேட்டால் போதாது, பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அடுக்குமாடியில் சங்கத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

மாடுலர் கிச்சனில் சிலிண்டரை அலமாரிக்குள் பூட்டி வைப்பது அழகுதான், ஆபத்தும்தான். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேயே தேங்கும். கதவின் அடியில் காற்று போக வழி இல்லாத வடிவமைப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906.

ப்ளைவுட்டில்தான் ஏமாற்று அதிகம். இந்தியத் தர எண்களில் ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கு, ஐ.எஸ். 710 ஈரம் தாங்கும் மெரைன் ரகத்துக்கு. பலகையில் எண்ணோடு உரிம எண்ணும் அச்சாகியிருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். லேமினேட் ஒட்டிவிட்டால் எதுவும் தெரியாது. எனவே அறுக்கும் அன்றே படம் எடுங்கள், முத்திரை உள்ள துண்டு ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தத் துண்டு பேசும்.

வாடகைக்கு இருப்பவர்கள், உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஆணிக்கு மேல் எதையும் தொடாமல் இருப்பது நல்லது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அலமாரியின் கைப்பிடி, பூட்டு மாற்றுவது குடியிருப்பவர் செலவு. கட்டுமானப் பழுது உரிமையாளர் பொறுப்பு.

பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை நிறுத்திவிட்டாலோ, சொன்ன ரகம் போடாவிட்டாலோ, அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. "ஜி.எஸ்.டி. வேண்டாம், பில் இல்லாமல் முடிச்சிடலாம்" என்ற பேச்சுக்கு மயங்கினால் பிறகு அல்லாட வேண்டும். பில் இல்லாதவர்கள்கூட யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, படங்களைத் திரட்டலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கான்ட்ராக்டர் வேறு ஊர்க்காரராக இருந்தாலும் உங்கள் ஊரிலேயே போடலாம். கெடு இரண்டு ஆண்டு. "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்று அவர் சொல்லிச் சொல்லியே அந்தக் கெடுவைக் கடத்திவிட முடியும், நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.